எல்லோருக்கும் ஒரே சேலை

போன வாரம் விருதுநகர் பஜாரில் என் மனைவி என்னைத் துணிக்கடைக்கு இழுத்துப் போனாள். பங்குனிப் பொங்கலுக்கு ஒரு சேலை, வெயிலுக்குக் கட்ட இரண்டு. கடைக்காரர் ஒரு நூல் சேலையைப் பிரித்து எங்கள் முன்னால் உதறினார். செங்கல் நிறம். கஞ்சி வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. நான் எழுந்து வெளியே வந்து ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். மனைவி தானே பார்த்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். என்ன நிறம் என்று இன்னும் நான் கேட்கவில்லை.

துணி விஷயத்தில் யோசனை கேட்டால் இன்றைக்கும் நான் மடமடவென்று சொல்வேன். எங்கள் பக்கத்தில் வசந்தம் என்று தனியாக ஒன்று வருவதில்லை, மாசி முடிந்தால் நேரே வெயில்தான். அதற்கு நூல் துணி வேண்டும், நெசவு இளக்கமாக இருக்க வேண்டும். உடுத்த ஒன்று, காய ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று, அதற்குமேல் பெட்டியில் கிடப்பதெல்லாம் பூச்சிக்கு. இப்படியே அரைமணி நேரம் பேசுவேன். இருபது வயதிலும் இப்படித்தான் பேசினேன். அப்போது கேட்க ஆள் இருந்தது, அதுதான் வினை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தாயில்பட்டி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் சேர்ந்திருந்தேன். விருதுநகர்ப் பையன், கம்பெனியில் என்னைவிடப் படித்தவன் இல்லை என்ற நினைப்பு. அது நைலான் சேலை வந்த புதிது. நைலான் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் படித்தேன். அன்றே உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். நைலான் கூடாது. கொலுசு, மூக்குத்தி, ஊக்கு எதுவும் கூடாது, உரசினால் பொறி வரும். நூல் துணி மட்டும். பட்டியலைச் சுவரில் ஒட்டிய பிறகுதான், வேலை செய்கிற பெண்களில் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது என்பது உறைத்தது. ஒவ்வொரு அறையாகப் போய் உரக்க வாசித்துக் காட்டினேன். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பங்குனிப் பொங்கலுக்குக் கம்பெனியில் ஆளுக்கொரு சேலை கொடுப்பது வழக்கம். பிடித்த நிறத்தை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். நான் முதலாளியிடம் போய், "இந்தத் தடவ எல்லாருக்கும் ஒரே மாதிரி நூல் சேலையா ரெண்டு குடுப்போம். செங்கல் கலர், மருந்துக்கறை தெரியாது. வேலைக்கு அத மட்டும்தான் உடுத்தணும்னு வச்சிட்டா நைலான் பிரச்சினையே இல்ல" என்றேன்.

"நல்ல யோசனைதான். நீயே போய் எடுத்துட்டு வாய்யா" என்றார்.

அருப்புக்கோட்டைத் தறிக்காரரிடம் சொல்லிவைத்து, பொதியாகக் கட்டி, லாரியில் நானே மேலே உட்கார்ந்து கொண்டுவந்தேன். மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இருந்தது எனக்கு.

வெடிமருந்து கலக்கும் மருந்து அறையில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். காளியம்மாள், தாயில்பட்டிக்காரி. செல்லத்தாய், சாத்தூர்ப் பக்கம். இருவருக்கும் பதினெட்டு இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. இருவரும் ஒரே வாகு, ஒரே உயரம். சேலை கொடுத்த அன்று செல்லத்தாய்தான் முதலில் ஆரம்பித்தாள்.

"என்ன அண்ணாச்சி, அம்புட்டுப் பேரையும் செயிலுக்கு அனுப்பப் போறீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். காளியம்மாள் சிரிக்கவில்லை. "ஆளுக்கொரு கலராக் குடுங்க அண்ணாச்சி. பளசா இருந்தாலும் சரி."

"கலர் பாக்கிற எடமா இது?"

"அதுக்கில்ல அண்ணாச்சி" என்று தொடங்கியவள் செல்லத்தாயைப் பார்த்தாள். செல்லத்தாய் தரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேலையை வாங்கிக்கொண்டு போனார்கள். பெண்களுக்கு மினுக்கும் ஆசை போகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு முன்னால், மருந்து அறை வெடித்தது.

கரிசல் காட்டைத் தாண்டி ஊர் ஓடிவந்தது. கேட்டில் அத்தனை பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "என்ன சேல? என்ன சேல?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வாட்ச்மேன்தான் சொன்னார்.

"வெடிச்சா மொகம் இருக்காது தம்பி. உக்காந்து வேல பாக்கிறவளுக்கு இடுப்புக்கடியில ஒரு சாண் துணி கருகாமக் கெடக்கும். அதப் பாத்துத்தான் இன்னாருன்னு சொல்லுவாக. காலைல பொம்பளப்பிள்ள வேலைக்குப் பொறப்பட்டா என்ன சேலன்னு வீட்டுல ஒரு பார்வ பாத்துக்கிடுவாக."

"முன்னாடியே ஏன் யாரும் சொல்லல?"

"பொங்கச் சேலையக் கையில வாங்கிக்கிட்டு இதச் சொல்லுவாளாய்யா ஒருத்தி?"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் இரண்டு பாய்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாண் செங்கல் நிறத் துணி. மூக்குத்தி இல்லை, கொலுசு இல்லை. எல்லாவற்றையும் என் பட்டியல் கழற்றி வைத்திருந்தது. காளியம்மாளின் தாய் பேச்சி இந்தப் பாய்க்கும் அந்தப் பாய்க்கும் குனிந்து குனிந்து நடந்தாள். செல்லத்தாயின் அண்ணன் மரத்தில் சாய்ந்து நின்றான். அவன் கிட்டேயே வரவில்லை.

ஏட்டு அவசரப்பட்டார். "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. இந்த வெயில்ல வச்சிருக்க முடியாது."

பேச்சி என்னிடம் வந்தாள். "தம்பி, நீங்கதான எடுத்துக் குடுத்தீக. எம்மக துணி எதுன்னு ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவள் வையவில்லை. எடுத்தவனுக்குத் தெரியும் என்று நம்பித்தான் கேட்டாள்.

நான் இடதுபக்கத்துப் பாயைக் காட்டினேன்.

"நெசந்தானா தம்பி?"

"நெசந்தான்மா. எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியாது. பேச்சி அந்தப் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அண்ணன்காரன் மற்றதை வண்டியில் ஏற்றினான்.

மறுவாரம் பெண்கள் பழையபடி கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக வேலைக்கு வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. நைலானும் வந்தது. நான் ஆடி மாதத்தோடு நின்றுவிட்டேன்.

சோடா குடித்த மறுநாள் பஸ் ஏறித் தாயில்பட்டிக்குப் போனேன். ஏழு வருஷம் கழித்து, சொல்லிவிடுவது என்று. ஜன்னலோரம் உட்கார்ந்து வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன், பழைய பட்டியல்காரனல்லவா. வழியில் கம்பெனி இருந்த இடத்தில் உடைமுள் மண்டிக் கிடந்தது. செல்லத்தாயின் அண்ணன் ஊரைவிட்டே போய்விட்டான் என்றும், எங்கே என்று தெரியாது என்றும் அதே ஊர்க்காரரான கண்டக்டர் சொன்னார்.

பேச்சியின் வீட்டுக்கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"பேச்சி மதினியா? போன ஐப்பசியில காய்ச்சல்ல போயிட்டாக. நீங்க யாரு?"

"கம்பெனியில வேலை பார்த்தேன்."

"கம்மாக்கரையில மக பக்கத்துலயே என்னையப் பொதைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாக. அங்கனயே பொதைச்சிட்டோம். வாங்க, எடத்தக் காட்டுறேன்."

போனேன். பனைமரத்துக்கு இந்தப் பக்கம் என்று கை காட்டினாள். மேடு எதுவும் இல்லை, மழை கரைத்துவிட்டிருந்தது. இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.