சேவல் போட்ட கிண்ணம்

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுச் சமையலறைக்குள் பீங்கான் வரக்கூடாது. மடி ஆசாரத்துக்கு ஆகாதாம். ஆனால் அத்தையின் டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே, சிவப்புச் சேவல் வரைந்த சீனக் கிண்ணம் ஒன்று இருந்தது. அத்தை அப்பாவின் தங்கை. யுத்தகாலத்தில் அத்திம்பேரை ரங்கூனில் பறிகொடுத்துவிட்டு, காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவள். கூடவே வந்த ஒரே சாமான் அதுதான். அவ்வளவு மடி பார்க்கிறவள் அதை ஏன் வைத்திருக்கிறாள் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. எனக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை, கிண்ணம் கிடைத்தால் போதும்.

ஏனென்றால் எங்கள் சரித்திர டீச்சர் வகுப்பில் ஒரு கண்ணாடி அலமாரியைக் குட்டி மியூசியமாக்கி வைத்திருந்தார். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனக் காசு, கிழிந்த பட்டு விசிறி, ஏதோ ஜாடியின் மூடி. அவற்றை எங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பாடமே நடத்துவார். காசில் ஏன் ஓட்டை? கயிற்றில் கோத்துக்கொள்ள. அது நம் கரைக்கு எப்படி வந்தது? முத்தும் துணியும் வாங்க வந்த கப்பலில். இப்படியே சீன தேசம் எங்கள் பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. நானும் ஏதாவது கொண்டுபோய்ப் பெயர் வாங்க வேண்டாமா? அத்தையை நச்சரித்தேன்.

“பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்துடுவியோன்னோ?” என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

கிண்ணம் அலமாரியில் ஏறியது, பக்கத்தில் என் பெயர் எழுதிய சீட்டு. சில மாதங்களில் சீனாவோடு சண்டை வந்தது. ஊரே கொதித்தது. டீச்சர் அலமாரியைக் காலி செய்தார். “வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடும்மா” என்று கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்.

வழியில் சிநேகிதிகள் பிடித்துக்கொண்டார்கள். “ஏண்டி, சீனாக்காரன் சாமானை மாரோட அணைச்சுண்டு போறே?”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லையை ராணுவம் பார்த்துக்கொள்ளட்டும், சித்திரை வீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற மிதப்பு. தெருவோரக் கருங்கல்லில் ஓங்கி அடித்தேன். கைதட்டினார்கள். வீரத்துக்குச் சாட்சியாகத் துண்டுகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை திட்டவில்லை. “சேவல் முழுசா இருக்காடி?” என்று மட்டும் கேட்டாள். சேவல் நாலு துண்டாகியிருந்தது.

துண்டுகளை வெள்ளைத் துணியில் முடிந்து, என்னையும் அழைத்துக்கொண்டு ஆற்றங்கரை அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனாள். முடிச்சைக் காவிரியில் விட்டாள். பிறகு கட்டின புடவையோடு தலை முழுகினாள். தொடக்கூடாத பீங்கானைத் தொட்டதற்குத்தான் முழுகுகிறாள், வீட்டைப் பிடித்த தீட்டு ஒழிந்தது என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அத்தை காலமான பிறகுதான் அப்பா சொன்னார். அவள் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்ததாம். வழியில் கஞ்சி ஊட்டுவதற்கென்று பக்கத்து வீட்டுச் சீனக்காரி கொடுத்த கிண்ணம் அது. சேவலைக் காட்டிக் காட்டித்தான் அத்தை ஊட்டுவாளாம். பாதி வழியில் குழந்தை போய்விட்டது. புதைத்த இடத்தில் முழுக்குப் போடத் தண்ணீர்கூட இல்லை.

இருபது வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளைக்காக முழுகியிருக்கிறாள். நான் அவளுடைய மாற்றுப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் வா அத்தை, பசிக்கிறது என்று படியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.