கிளெனிஸ் ஓட்டை போட்ட கூரை

கிளெனிஸ் நான்கெர்விஸ் துணி ஒட்டிய காரின் உள்கூரையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று எங்கள் ஊர் மூன்டா முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். எங்கள் ஊர் ஈ எதிலும் உட்காரும், பேசுகிறவர் வாயிலும்கூட. ஆனால் அவள் ஒட்டிய துணியில் ஒரு சுருக்கம் இருக்காது என்பது நிஜம்.

சின்ன வயதிலேயே அடிலெய்டுக்குப் போய் ஒரு குஷன் பட்டறையில் தொழில் கற்றவள். கல்யாணம், பிள்ளைகள், கணவனின் சாவு எல்லாவற்றுக்கும் நடுவே, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் டிராக்டர் சீட்டு, பள்ளிப் பேருந்து சீட்டு, பழைய கார்களின் உள்வேலை என்று கை ஓயாமல் தைத்தாள். யார் காரில் ஏறினாலும், நலம் விசாரிக்கும் முன் கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். என் காரில் ஏறியதும் அவள் சொன்னது, "இதுக்குள்ள உக்காந்தா சர்ச்சுக்குப் போற?"

போன மே மாதம் மெர்வ் டிரெசைஸ் தன் பழைய ஹோல்டன் வேகனைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கூரைத் துணி தொட்டில் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"யோவ் மெர்வ், இது காரா, கூடாரமா?"

"தலையால முட்டுக் குடுத்துத்தான் ஓட்டிட்டு வர்றேன். தொப்பிச் செலவு மிச்சம்." அதோடு அவர் சிரிப்பு நின்றது. "சனிக்கிழமை யூனாவைக் கூட்டிட்டுப் போகணும், கிளெனிஸ். கடற்கரைப் படகுத்துறை வரைக்கும். டாக்டர் போயிட்டு வாங்கன்னுட்டார். இன்னொரு தடவை முடியாதுன்னும் சொல்லிட்டார்."

யூனா அவர் மனைவி. நோய் முற்றி, கழுத்து நிற்காமல் போயிருந்தது. முன்சீட்டைப் படுக்கையாகச் சாய்த்துத்தான் அவளைக் கொண்டுபோக முடியும். துணிக்குப் பின்னாலிருந்த ஃபோம் பஞ்சு மக்கி, ஆரஞ்சு நிறத் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. மூச்சு விடவே சிரமப்படுகிறவள் முகத்தில் அது விழக்கூடாது.

அந்தத் துணி முழுக்க பேட்ஜ்கள். இங்கே புல்தரையில் பந்து உருட்டுகிற கிளப்காரர்கள் வெளியூருக்கு ஆடப்போனால், அந்த ஊர்க்காரர்களோடு பேட்ஜ் மாற்றிக்கொள்வார்கள். மற்றவர்கள் அதைத் தொப்பியில் குத்துவார்கள். யூனா, துணி தொங்கத் தொங்க, தொங்கிய இடத்தில் குத்தி, மேலிருந்த கூரை அட்டையோடு பிடித்து வைத்தாள். இருவரும் ஊர் ஊராகப் போய் ஆடிய காலமெல்லாம் தலைக்கு மேலே சேர்ந்துபோனது.

கிளெனிஸின் கண்ணுக்கு அது வெறும் ஒப்பேற்றல். "துணியைக் கொன்னுட்டாளே" என்று முணுமுணுத்தபடி எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டாள். பின்கதவு வழியாக அட்டையை வெளியே எடுத்தாள். மக்கிய ஃபோமைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். பழைய துணியை அளவுக்கு வைத்துப் புதியதை வெட்டினாள். பசை அடித்து, அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதம் வரும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மெர்வ் வந்தார். சாய்த்த முன்சீட்டில் தானே படுத்துப் பார்த்தார். "மோசமில்ல" என்றார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"என்ன, முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"அவளால தலையத் திருப்பி ஜன்னலைப் பாக்க முடியாது, கிளெனிஸ். வழி பூரா இதைத்தான் பாத்துட்டு வரணும்."

கிளெனிஸ் மறுபக்கம் ஏறி, ஓட்டுநர் சீட்டையும் சாய்த்துப் படுத்தாள். மேலே சாம்பல் நிறம், ஓரத்துக்கு ஓரம் ஒரு மடிப்பில்லை. அவள் செய்ததிலேயே நல்ல வேலை அது. பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

"முடிச்ச கூரையில நான் இதுவரைக்கும் ஒரு ஓட்டை போட்டதில்ல, மெர்வ்."

"தெரியும். விடு. வேணாம்."

"வாய மூடிட்டு அந்தப் பழைய துணியை எடுத்துட்டு வாய்யா."

வெளுத்துப்போன அந்தத் துணியில், பேட்ஜ் இருந்த இடங்கள் மட்டும் வெளுக்காமல் நின்றன. கேடயம், மீன், படகு, நிறைய வட்டங்கள். துணியைப் புதுக் கூரையோடு சேர்த்துப் பிடித்து, ஊசியால் இடம் குறித்தாள். முதல் பேட்ஜைக் குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டாளாம். கேடயத்துக்கும் மீனுக்கும் சிரமமில்லை. வட்டங்களுக்கு மெர்வின் ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

"அது போர்ட் பிரௌட்டன். மழை வந்து ஆட்டம் நின்னு, எல்லாரும் கிளப் சமையலறையில நின்னுட்டே கறி அடைச்ச பேஸ்டி தின்னோம். இல்ல இல்ல, அது இந்தப் பக்கம்."

"ஏதாவது ஒரு பக்கம் சொல்லு. கை வலிக்குது."

ஞாபகம் வராதவற்றை யூகத்தில் வைத்தார்கள்.

மறுநாள் கடற்கரைச் சாலையில் கார் மெல்லப் போனது. யூனா மேலே பார்த்தபடி, ஒவ்வொரு பேட்ஜுக்கும் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். படகுத்துறை வந்தபோது ஒரு ஊர்கூட மீதியில்லை. அடுத்த வாரம் அவள் போய்விட்டாள்.

இதுவரை எழுதியதை, கிளப்பில் மெர்வுக்குப் படித்துக் காட்டினேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ எந்த ஊரையும் சொல்லல. சனிக்கிழமைக்கு முன்னாடியே அவளுக்குப் பேச்சு நின்னுடுச்சு. ரெண்டு வட்டத்தை மட்டும் விரலால காட்டினா. இடம் மாத்திக் குத்தியிருந்தோம். ஓரமா வண்டிய நிறுத்தி சரி பண்ணினேன். அப்புறம்தான் கடலுக்குப் போனோம்."