காலி வீடுகளில் ஒரு பள்ளிக்கூடம்

கம்பெனி கட்டிய குடியிருப்பில் ஒரே வரிசையாக ஐந்து வீடுகள். முதல் வீட்டில் நாங்கள் இருந்தோம். மற்ற நான்கும் காலி.

எழுபதுகள் தொடங்கியிருந்த நேரம் அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் முள்ளும் சவுக்குமாகக் கிடந்த நிலத்தை வளைத்துப் போட்டுத் தொழிற்சாலைகள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் என் கணவருக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. தொழிற்சாலை என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அப்போது அங்கே நின்றவை சில தூண்களும் ஒரு சிமெண்ட் கொட்டகையும்தான். மிஷின் வந்ததும் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்ததும் குடும்பங்கள் வரும், உனக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இருக்காது என்று சொல்லித்தான் திருவள்ளூரிலிருந்து என்னையும் மூன்று பிள்ளைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இறங்கிய அன்று பிள்ளைகள் ஒவ்வொரு காலி வீட்டுக்குள்ளும் ஓடி, கத்தி, எதிரொலி கேட்டுச் சிரித்தார்கள். நான் இறக்கிய சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

திருவள்ளூரில் நாங்கள் இருந்தது ஒண்டுக் குடித்தனம். அத்தனை குடும்பத்துக்கும் ஒரே குழாய். காலையில் குடத்தை வைப்பதிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை யாரோடாவது சண்டை. அந்தச் சண்டைக்காக ஒரு நாள் ஏங்குவாய் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவரோடும் சண்டைக்குப் போயிருப்பேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவதுதான் பெரிய பாடாக இருந்தது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் தெலுங்கில்தான் பாடம். ஆந்திர எல்லை அவ்வளவு பக்கம். கொஞ்ச நாள் அனுப்பிப் பார்த்தேன். பையன் அப்பாவை "நைனா" என்று கூப்பிடக் கற்றுக்கொண்டான், அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மற்றபடி பலகையில் எழுதியது மூன்று பேருக்குமே புரியவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் புதுவாயல் கூட்ரோட்டுக்கும் அப்பால் இருந்தது. நடுவில் ஓடை, மழை வந்தால் இடுப்பளவு தண்ணீர். தொழிற்சாலை ஓடத் தொடங்கினால் கம்பெனி வேன் வரும், அடுத்த ஜூனில் அதிலேயே பிள்ளைகள் போகலாம் என்றார்கள். அதுவரை வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் நான். அந்தப் படிப்பு அதுவரை சினிமாப் போஸ்டர் படிக்கத்தான் உதவியிருந்தது.

மழைக்காலத்தில் நாலாவது குழந்தை உண்டாகியிருப்பது தெரிந்தது. சித்திரைக் கடைசியில் பிறக்கும் என்று கணக்கு.

அதைச் சொன்ன அன்றே என் கணவர் இன்னொன்றும் சொன்னார். "அப்டின்னா பெரியவ ஊட்லயே இருக்கட்டும். பத்து வயசாவுது, கொழந்தைய பாத்துக்குவா. பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்கு ஆறாங்கிளாசு?"

குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். கெட்ட மனசு இல்லை அவருக்கு. எனக்கு வந்ததே ஒரு கோபம்! அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்குப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ஒரு வருஷம் எந்தப் பள்ளியிலும் படிக்காத பிள்ளைகளை ஹெட்மாஸ்டர் கேள்வி கேட்டுப் பார்த்துத்தான் வகுப்பு போடுவார். "ஆறாவதுல சேத்துக்கினா போவட்டும். கீழ் கிளாசுல போட்டா ஊட்ல இருக்கட்டும். சரியா?"

"சரி" என்றேன். பெரியவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதலில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே மூன்று பேரையும் உட்கார வைத்தேன். ஒரு வாரம் தாங்கவில்லை. பெரியவளிடம் கேட்ட கேள்விக்கு மூன்றாவது படிக்க வேண்டிய பையன் தப்பாகப் பதில் சொல்வான். அவனுக்கு வாய்ப்பாடு சொன்னால் ஆறு வயதுச் சின்னவள் அதைப் பாட்டாகப் பாடி ஆடுவாள். மண்டை வெடித்தது. காலி வீட்டுச் சாவிகளெல்லாம் ஸ்டோர் கீப்பரிடம்தானே இருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் நம்பர் வீட்டில் சின்னவளுக்கு ஒன்றாவது, மூன்றாம் நம்பரில் பையனுக்கு மூன்றாவது, நாலாம் நம்பரில் பெரியவளுக்கு ஐந்தாவது. ஸ்டோரில் மிஞ்சிய கறுப்புப் பெயிண்டை வாங்கி மூன்று வீட்டுச் சுவரிலும் கரும்பலகை அளவுக்கு அடித்தேன்.

"இன்ஜினியர் வந்து பாத்தா இன்னா சொல்வாரு?" என்று பதறினார் என் கணவர்.

"வரட்டும். அவரையும் ஒக்கார வச்சுப் பாடம் நடத்தறேன்."

காலையில் நாஷ்டா முடிந்ததும் உலை வைத்துவிட்டுக் கிளம்புவேன். நாலாம் நம்பரில் பின்னக் கணக்கு எழுதிப்போட்டு, மூன்றாம் நம்பருக்கு வந்து சொல்வதெழுதுதல் கொடுத்து, இரண்டாம் நம்பரில் சின்னவள் கையைப் பிடித்து எழுத்துப் போட வைத்து, வீட்டுக்கு ஓடினால் சோறு குழைந்திருக்கும். மறுபடி நாலாம் நம்பர். வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றே என்பதால், சத்தம் அதிகமானால் சுவரைத் தட்டுவேன். அந்தப் பக்கம் கப்சிப் ஆகிவிடும்.

கட்டிட வேலைக்கு வரும் பெண்களில் ஒருத்தி மண் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "இன்னாமா நீ, வயித்துல புள்ளைய வச்சிக்கினு ஊடு ஊடா நடந்துக்கினு கீற? ஒக்காரும்மா செத்த நேரம்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்பேன். வேலை முடிந்து பொழுது சாய்வதற்குள் அவர்களெல்லாம் கூட்டமாகப் பேசிக்கொண்டே ஊருக்குப் போய்விடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் வேலை நிற்கும். அப்போது பெண்பிள்ளை முகம் என்றால் கண்ணாடியில் தெரியும் என் முகம்தான். என் கணவர் இருட்டிய பிறகு வருவார், சாப்பிடுவார், படுப்பார். நாளெல்லாம் மூட்டை எண்ணிவிட்டு வருகிறவரிடம் என்ன பேசுவது?

ஐந்தாம் நம்பர் வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. மத்தியானத்தில் பிள்ளைகளுக்கு எழுத வேலை கொடுத்துவிட்டு அங்கே போவேன். அந்த வீட்டு அடுப்படி வாசலில் நின்று, "அக்கா, கறிவேப்பிலை கீதா?" என்று கேட்பேன். இல்லை என்று நானே பதில் சொல்லிக்கொள்வேன். மரத்தை வைத்துக்கொண்டே இல்லையென்கிறாளே என்று அந்த அக்காள்மேல் கோபமும் வரும். பிறகு சமாதானமாகி, கால் வீக்கம், இடுப்பு வலி, அண்ணி ஒரு வார்த்தை கேட்டு அனுப்பாதது, எல்லாம் அவளிடம் சொல்வேன். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியிருந்தன. நாலாவது பிரசவத்துக்கு அண்ணியா கூப்பிடப் போகிறாள்? எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அங்கே யாரும் இல்லையென்று எனக்கு நன்றாகத் தெரியும். வாய் துருப்பிடித்துவிடுமோ என்ற பயம், அவ்வளவுதான்.

பங்குனியில் நடக்க முடியாமல் போயிற்று. இனி எல்லாம் பெரியவள் வழியாகத்தான் என்று திட்டத்தை மாற்றினேன். காலையில் அவளுக்கு மட்டும் நான் சொல்லிக்கொடுப்பது, பிறகு அவள் போய்த் தம்பிக்கும் தங்கைக்கும் சொல்லிக்கொடுப்பது. நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் யார் எந்தப் பாடம் படிக்க வேண்டும், எந்தக் கணக்குப் போட வேண்டும் என்று அவளுக்கு மனப்பாடமாகவே ஏற்றினேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதிகம் பேசாத பெண். நான் ஒருவேளை திரும்பி வராவிட்டால் என்ற நினைப்பை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

சிமெண்ட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில்தான் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் குழந்தை. அந்த வார்டை நான் மறக்கவே மாட்டேன். கட்டில் போதாமல் தரையெல்லாம் பெண்கள், ஒவ்வொருத்தியைச் சுற்றியும் அக்கா, மாமியார், அத்தை. என்னைப் பார்க்க யாரும் வரவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரி அவள் மாமியாரைத் திட்டும்போது என்னையும் சேர்த்துக்கொண்டு திட்டினாள். நானும் மனசாரத் திட்டினேன். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகளைத் தேடுது போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தால் வீடு துடைத்துவிட்டாற்போல இருந்தது. சோறு வடித்து, பாடம் நடத்தி, தங்கைக்குத் தலை பின்னி, எல்லாவற்றையும் பெரியவள் ஒருத்தியே பார்த்திருந்தாள். என் கணவர் பூரித்துப் போயிருந்தார். "பாத்தியா? எவ்ளோ சமத்தா ஊட்டப் பாத்துக்கினா! இவளப் போயி ஸ்கூலுக்கு அனுப்பணும்ன்றியே."

அவள் கெட்டிக்காரத்தனமே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. பச்சை உடம்போடு படுத்துக்கொண்டே அவளுக்குப் பின்னக் கணக்கை மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுத்தேன். ஒன்றில்கூட அவள் தப்பவில்லை.

ஜூனில் சொன்னபடி வேன் வந்தது, குடும்பங்கள்தான் இன்னும் வரவில்லை. கைக்குழந்தையோடு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். ஹெட்மாஸ்டர் வயதானவர், பொறுமையானவர். பையனிடம் வாய்ப்பாடு கேட்டு நாலாவது போட்டார். சின்னவள் எழுத்துகளைப் பாடத் தொடங்கி நிறுத்த மாட்டேன் என்றாள். சிரித்துக்கொண்டே இரண்டாவது போட்டார். பிறகு பெரியவள்.

அரையும் காலும் எவ்வளவு என்று கேட்டார்.

"தெரியாது சார்."

வேறு கணக்குக் கேட்டார். தெரியாது. நம் மாநிலத்தின் ஆறுகள்? தெரியாது. ஒரு பாடத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். 

"ஆறாவது கஷ்டம்மா" என்றார் ஹெட்மாஸ்டர். "நாலாவதுல தம்பிகூட உட்காரட்டும். அப்புறம் பார்ப்போம்."

அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, "இன்னாடி ஆச்சு உனக்கு? எல்லாம் தெரியுமேடி!" என்று உலுக்கினேன்.

"நான் ஊட்லயே இருக்கேம்மா."

"அப்பா ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல், என் தோளில் இருந்த குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அஞ்சாம் நம்பர் ஊட்ல நீ ஆளில்லாத அக்காகிட்ட பேசிக்கினு இருந்தத நான் பாத்தேன். தெனமும் பாத்தேன். நாங்க மூணு பேரும் ஸ்கூலுக்குப் பூட்டா நீ இன்னாம்மா பண்ணுவ?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்ததை இந்தப் பத்து வயதுப் பெண் மாசக்கணக்காகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். அவமானமா, பாசமா, எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை. கூடவே கோபமும்.

"நான் சொவத்தாண்ட பேசுவேன், காக்காயாண்ட பேசுவேன். அது என் பாடு" என்றேன். "எனக்குத் துணைக்குன்னாடி உன்னப் பெத்தேன்? உள்ள போயி ஒழுங்காப் பதில் சொல்லு. இல்ல, நீ ஊட்ல இருந்தாலும் நான் உன்னாண்ட பேசமாட்டேன்."

உள்ளே போய், "சார், புது இடம், பயந்துடுச்சு. இன்னொரு தடவ கேளுங்க சார்" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என் கைக்குழந்தையைப் பார்த்தார், மறுபடி கேட்டார். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அவள் பதில் சொன்னாள். பின்னம், ஆறுகள், வாசிப்பு, கேட்ட எல்லாவற்றுக்கும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"எல்லாம் சரியாச் சொல்லிட்டு எதுக்கும்மா அழற?" என்றார் ஹெட்மாஸ்டர். ஆறாவது போட்டுக் கையெழுத்து வைத்தார். என் கணவரும் கொடுத்த வாக்கை மீறவில்லை.

முதல் நாள் மூன்று பேரையும் வேன் ஏற்றிவிட்டேன். பெரியவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள், உட்கார்ந்த பிறகும் பார்த்தாள், வேன் தார் ரோட்டில் திரும்பும்வரை ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. வீட்டுக்கு வந்தேன். ஐந்து வீடும் காலியாகிவிட்டதுபோல் இருந்தது. கேட்க யாரும் இல்லையே என்று வாய்விட்டே அழுதேன். குழந்தை விழித்து அதுவும் அழுதது. இரண்டு பேரும் ஆசை தீர அழுதோம்.

சாயங்காலம் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பெரியவள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "நாள் பூரா இன்னாம்மா பண்ண?"

"தூங்கினேன்டி. இத்தினி வருஷத்துல இப்டி நிம்மதியாத் தூங்கினதே இல்ல."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு நம்பிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணைப் பற்றி ஆரம்பித்தவள் படுக்கும்வரை வாயை மூடவில்லை. அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாளும் வேன் வந்தது. தம்பியோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே ஏறினாள். நான் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.