செகண்ட் ஷிஃப்ட் என்று சொன்னேன்

கேசட் தனகோடி இறந்துவிட்டார். இன்று காலை, வடக்குத்து கிராமத்தில், அவர் வீட்டில்.

பஜாரில் பாட்டு ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர். எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும்.

வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, வெற்று கேசட்டோடு கொடுப்போம். வாங்கிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இந்த வாரம் எந்த ஷிஃப்ட்டு சார்?"

பாட்டுக்கும் ஷிஃப்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? காலையில் நான் மைன்ஸுக்குப் போனால், மனைவி பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவாள். குவார்ட்டர்ஸ் எப்போது பூட்டியிருக்கும் என்று வேவு பார்க்கிறார்... அப்படித்தான் நினைத்தேன். அதனால் காலை வேலையான ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரமானாலும், மதியம் தொடங்கும் "செகண்ட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிடுவேன்.

நான் எழுதிக் கொடுத்த பாட்டுகள் முடிந்ததும், மீதி டேப்பில் நான் கேட்காத ஒன்றைச் சேர்த்திருப்பார். மதியம் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, கேசட்டைப் போட்டுப் படுப்பேன். கண் சொருகும் நேரத்தில் தவில் இடிக்கும்!

ஒவ்வொரு முறையும் போய்ச் சண்டை போட்டேன். "யாரைக் கேட்டுய்யா இதைப் போட்ட? போகாத சரக்கையெல்லாம் என் தலையில கட்டறியா?"

"மீதி டேப்பு சும்மா சுத்திக்கினு இருக்கணுமா சார்? முழுசா கேட்டுட்டுத் திட்டுங்க. பாதியில திட்டாதீங்க."

இப்போது மகள் என் போனில் பாட்டு ஆப் போட்டுத் தந்திருக்கிறாள். அதுவும் நம் பாட்டு முடிந்ததும் தானாக இன்னொன்றை ஓட்டுகிறது. யார் எடுத்துப் போடுகிறார்கள்? எதற்கு? சொல்ல ஆள் இல்லை.

பேத்திக்காக ஒரு நாள் தாலாட்டு போட்டேன். ஒரு மாதமாகத் தாலாட்டுதான் வருகிறது. எழுபது வயதுக்காரனை எதற்குத் தூங்கவைக்கப் பார்க்கிறது?

போய்ச் சண்டை போட ஒரு கடை கிடையாது. பொய் சொல்லவும் வழியில்லை... நம்மை எதுவும் கேட்பதே இல்லையே.

இன்று அவர் வீட்டுக்கு மாலையோடு போய் நின்றபோது தனகோடியின் மனைவி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அந்தத் தவில் சாருதான?"

ஆமாம் என்றேன்.

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்காரங்க வூட்டுக்கு வந்து படுப்பாங்கன்னு மெதுவா ஒரு பாட்டு போடுவாரு. செகண்ட் ஷிஃப்ட்டுன்னா டூட்டிக்குக் கெளம்பற நேரம், துள்ளிக்கினு போவட்டும்னு தவில் பாட்டு. 'பாத்துப் பாத்துப் போட்டா இந்த மனுசன் மட்டும் சண்டைக்கே வராரே'ன்னு பொலம்பிக்கினு இருப்பாருங்க."

மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்லாமல் ஷிஃப்ட்டைக் கேட்டது தப்புதான். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால்... தனகோடி, எனக்கு அந்த வாரங்களெல்லாம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். மதியம் படுக்கிற ஆள் நான்.

போய் வாருங்கள்.