அம்மாவுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்ட ஜெனி

படிப்பு முடிந்து, திருப்பதியில் குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்த புதிது. திருச்சானூரில் வளையல் கடை வைத்திருக்கும் செல்வி, இன்னும் பேச்சு வராத மூன்று வயது மகள் ஜெனியை அழைத்து வருவார். அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, நானே சோப்புக் குமிழி ஊதி ஜெனியோடு விளையாடுவேன்.

ஒருநாள் நான் ஊதுவதை நிறுத்தியதும் ஜெனி என் கையைப் பிடித்து, "அக்கா" என்றாள். அவள் பேசிய முதல் சொல்! பூரித்துப்போய்த் திரும்பினால், செல்வியின் முகம் இறுகிக் கிடந்தது.

"பெத்தவ நான் தெனமும் கெஞ்சிக்கினு கீறேன். அம்மான்னு ஒரு வாட்டி கூப்புடல. நேத்து வந்த உன்ன கூப்புடுது!" என்றவர், மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை. போனையும் எடுக்கவில்லை.

வந்த பேச்சு நின்றுவிடுமோ என்று பயந்து, ஷேர் ஆட்டோ பிடித்துக் கடைக்கே போனேன்.

"இன்னாத்துக்கு வந்த?" என்றார்.

குமிழிப் புட்டியை அவர் கையில் கொடுத்தேன். "நீங்க ஊதுங்க. பாதியில நிறுத்திட்டு அவ மொகத்தையே பாருங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்குள் விளையாடிக்கொண்டிருந்த ஜெனிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

பலமுறை ஊதிய பிறகு, "ம்மா" என்றாள் ஜெனி. செல்வி அழுதுவிட்டார். ஜெனி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் முதல் நாளே விளையாட்டுச் சாமானை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நான் பின்னால் நகர்ந்துகொள்கிறேன்.

– ர. எஸ்தர், சித்தூர்