யாருக்கும் ஒன்றும் செய்யாத எண்ணெய்

சமையல் எண்ணெய் நிரப்பும் ஆலையின் பரிசோதனை அறையில் அவள் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தாள். மற்றவர்கள் கருவி வைத்துப் பார்ப்பதை அவள் மூக்கை வைத்தே பார்த்துவிடுவாள். ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து, "மூணாவது தொட்டி. மூடி சரியா மூடலை" என்பாள். போய்ப் பார்த்தால் மூடி திறந்துதான் கிடக்கும். ஆலையில் எல்லோருக்கும் அவள் மூக்கக்கா. அவளைவிட வயதில் மூத்த மேலாளரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

வாடிக்கையாளர் தொலைபேசியும் அவள் மேஜைமேல்தான் இருந்தது. எண்ணெய் ஏன் நுரைக்கிறது, குளிரில் ஏன் உறைகிறது, கதவுக் கீலுக்கு விடலாமா என்றெல்லாம் கேட்பார்கள். கேட்டவர், எண், கேள்வி, பதில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்.

ஒரு திங்கட்கிழமை ஒரு தையற்காரர் கூப்பிட்டார்.

"மேடம், முடி பளபளன்னு இருக்க பூனைக்குத் தினம் ஒரு ஸ்பூன் எண்ணெய் கொடுக்கச் சொல்றாங்க. உங்க எண்ணெயைக் கொடுக்கலாமா?"

"சுத்தமான எண்ணெய் சார். யாருக்கும் ஒண்ணும் செய்யாது."

போனை வைத்த பிறகுதான் தன் வீட்டுப் பூனையின் நினைவு வந்தது. முதுகின் பின்பாதி முழுக்க அதற்குப் பொடுகு. அது படுத்து எழுந்த இடத்தில் மாவு சலித்த மாதிரி இருக்கும். ஊருக்குச் சொல்கிற வைத்தியத்தை வீட்டில் செய்யாமல் இருப்பானேன் என்று அன்று மாலையே ஒரு தட்டில் எண்ணெய் வைத்தாள். பூனை முகர்ந்து பார்த்தது. அவளைப் பார்த்தது. போய்விட்டது.

அவள் கைபட்டு வெளியே போன எண்ணெயை அதுவரை யாரும் அப்படி வேண்டாமென்று திருப்பியதில்லை. பூனையைத் துண்டில் சுற்றி, மடியில் இடுக்கி, தாடையைத் திறந்து ஊற்றினாள். மறுநாளிலிருந்து காலையில் ஒரு ஸ்பூன், மாலையில் ஒரு ஸ்பூன்.

அவள் கணவர் ரயில்வே சிக்னல் அறையில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார்.

"அதுக்குப் பிடிக்கலை போலிருக்கே."

"மருந்துன்னா பிடிக்கவா செய்யும்?"

"நேத்து எண்ணெய்னு சொன்னே."

சனிக்கிழமை காலை பூனை அவருடைய செருப்பின்மேல் வாந்தி எடுத்தது. வயிறும் போயிற்று. பிறகு துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. மீன் வாசனைக்குத் தூக்கத்திலிருந்தே எழுந்து வருகிற பிராணி, மூக்கருகில் மீனை நீட்டியும் திரும்பவில்லை. துணிக்கூடையில் போட்டு இருவரும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள்.

"என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர் அம்மா.

"எண்ணெய். ரெண்டு தடவை வடிகட்டினது. காறல் வாடை துளி கிடையாது. நானே முகர்ந்து பார்த்து அனுப்பினது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எண்ணெய்ல ஒரு குறையும் இல்லைம்மா. குடிச்சது பூனை."

பிறகு பொறுமையாகவே சொன்னார். தெரியாமல் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு நக்கினால் பயமில்லை, அது விஷமல்ல. ஆனால் தேவையும் இல்லை. பூனைக்கு வேண்டிய கொழுப்பு இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. எண்ணெய் அதிகமானால் வயிறு கெடும், கணையம்கூட வீங்கலாம். வெங்காயமோ பூண்டோ பொரித்த எண்ணெய் என்றால் பக்கத்திலேயே வைக்கக் கூடாது.

"எல்லாத்தையும் விட, வாயைத் திறந்து ஊத்தினீங்களே, அது நுரையீரலுக்குப் போயிருந்தா நாம இப்படி உட்கார்ந்து பேசிட்டு இருக்க மாட்டோம். ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு?"

"ரெண்டு," என்றாள் அவள்.

"நாலு," என்றார் கணவர், மின்விசிறியைப் பார்த்தபடி.

"அதான். உடம்பு பெருத்து, இதுக்கு முதுகு எட்டலை. நக்கிச் சுத்தம் பண்ண முடியாம பொடுகு வந்திருக்கு. மெலிய வேண்டிய பூனைக்கு எண்ணெய் ஊத்தியிருக்கீங்க."

பூனையை இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வெறுங்கூடையோடு தெருவில் இறங்கியபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. தையற்காரர்! கணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நேரே ஆலைக்குப் போனாள்.

"லீவு நாள்ல என்னக்கா, கூடையோட?" என்றார் காவலாளி.

"ஒருத்தருக்குத் தப்பா சொல்லிட்டேன். நம்பர் எடுக்கணும்."

நோட்டைப் புரட்டி எண்ணைச் சுழற்றினாள். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தார்.

"சார், எண்ணெய் ஆலையிலேர்ந்து பேசறேன். பூனைக்கு எண்ணெய் கொடுத்தீங்களா?"

"கொடுத்தேனே. நீங்கதானே சொன்னீங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எவ்வளவு?"

"தினம் ஒரு ஸ்பூன் தட்டுல ஊத்தி வைப்பேன். அது தொடவே தொடாது. வீணாக்க மனசு வரலை, ரொட்டியில தொட்டு நானே சாப்பிட்டுடுவேன். என் முடி கொஞ்சம் பளபளன்னு வந்திருக்குன்னு வீட்டுல சொல்றாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இனிமே வைக்காதீங்க சார். எனக்கு எண்ணெயைத்தான் தெரியும், பூனையைத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

எதிர்முனையில் தையல் இயந்திரம் நின்றது. "இதைச் சொல்லவா மெனக்கெட்டுக் கூப்பிட்டீங்க?"

"ஆமா."

"சரி மேடம். நான் சாப்பிடலாமில்லையா?"

"நீங்க சாப்பிடலாம்."

அதற்குப் பிறகு நாய், கிளி, கைக்குழந்தை என்று எதைப் பற்றி யார் கேட்டாலும், "அது எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்க" என்றாள். மேலாளர் கூப்பிட்டு, "நமக்குத் தெரியாதுன்னு நாமே சொன்னா நல்லாவா இருக்கும், மூக்கக்கா?" என்று கேட்டார். "நல்லா இல்லைதான்," என்றாள். அதையே தொடர்ந்து சொன்னாள்.

பூனை திங்கட்கிழமை வீடு திரும்பியது. வேளை இரண்டாயிற்று. மூன்றாவது எங்கிருந்தும் முளைத்துவிடாதபடி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணவரைக் கவனித்தாள். தினமும் பூனைக்குச் சீப்பு போடும் வேலை அவர் தலையில் விழுந்தது. முதல் மாதம் பூனை இருவரோடும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.

ஆறேழு மாதம் ஆனபின் ஒரு மாலை, அது கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, உடம்பை மெல்ல வளைத்து, வால் தொடங்கும் இடத்தை எட்டி நக்கியது. அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அது முடிக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.