ஒயர் இல்லாத பட்டன்

என் மனைவியின் அண்ணன் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், யார் மனதும் நோகப் பேசாத மனிதர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மச்சான் கேட்டிருந்தால் அவர்களை வாசல்வரை துரத்தியிருப்பார். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. நாலு வருஷம் உரித்துப் பார்த்தவன் நான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே தனியாக இருந்தார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "நாள் முழுக்க அது கூடத்தான் குடும்பம் நடத்துறேன். வீட்டுக்கும் கூட்டிட்டு வரணுமா?" என்பார். அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, அறைக்குப் பொருந்தாத அளவில் பெரிய திரை. கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் வயிற்றுக்கு நேராக டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருப்பார். காற்று அதற்குத்தான், அவர் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விசைப்பலகையில், கேமில் ஆளை நடக்கவைக்கிற நாலு எழுத்துகள் மட்டும் கிரீஸ் ஏறிக் கறுத்துப்போயிருந்தன.

சுடுகிற கேம், பந்தாடுகிற கேம் எதிலும் அவருக்குப் புகார் இல்லை. "சுடுன்னு சொல்லுது, சுடுறோம். அது பொய் சொல்றதில்ல." அவர் வாங்குவது, ஆடுவது, திட்டுவது எல்லாமே கதை சொல்கிற கேம்கள். பிடிக்காததை ஏன் ஆடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வலிக்கிற பல்லுக்குத்தான் மாப்ள நாக்கு போகும்."

பெரிய கம்பெனிகளின், நாமே கதாநாயகனாக ஆடுகிற ரோல்பிளே கேம்கள்மேல் அவருக்கு இருந்தது ஒருவகைக் குடும்பப் பகை. உலகம் இன்று மாலை அழியப்போகிறது என்று ராஜா அழுவான். கதாநாயகனோ மூன்று வாரம் காளான் பொறுக்குவான். ராஜா அதே படியில் அதே அழுகையோடு காத்திருப்பான். "எண்பது மணி நேரக் கதையாம். அதுல அறுபது மணி நேரம் நடக்கிறேன். அதுக்குத் தெருவுல நடந்தா உடம்பாவது எளைக்கும்." ஊரில் ஒருவனுக்கும் கை கால் விளங்காது. ஒருத்திக்குப் பானை தொலைந்திருக்கும், இன்னொருவனுக்கு ஆடு. உலகத்தைக் காக்கப் போகிறவன்தான் தேடித் தர வேண்டும். அவர்கள் கேட்டதும், நாம் பதிலாகத் தேர்ந்தெடுக்க நாலு வரி வரும். "நாலையும் படிச்சுப் பாரு. சரி, சரிங்க, சரிடா, சரி தொலையுது."

இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்கிற சின்ன கேம்கள் இன்னும் மோசம் என்பார். பெரியவன் ஆட்டுக்காகப் பொய் சொல்கிறான், சின்னவன் உங்கள் செத்துப்போன அம்மாவை வைத்துச் சொல்கிறான். "ஒரு சின்னப் பொண்ணு, கையில ஒரு வெளக்கு, வாய் பேசாது. மழை பெய்யும். பியானோ ஆரம்பிச்சா யாரோ சாகப் போறாங்கன்னு அர்த்தம். அப்பப் பாத்து ஓட விடமாட்டான். மெதுவா நடந்துதான் சாவு வீட்டுக்குப் போகணும். ஏன், எனக்குக் காலு இல்லையா?"

ஒரு கேமை மதிப்பிட அவருக்கு ஒரே சோதனைதான். கேம் எங்கே "இதுவா, அதுவா" என்று கேட்கிறதோ அங்கே சேவ் செய்வார். இதைத் தேர்ந்தெடுத்து அரை மணி ஆடுவார். திரும்ப வந்து அதைத் தேர்ந்தெடுத்து அரை மணி. இரண்டும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கேமை அழித்துவிட்டு, அதை விற்கிற இணையப் பக்கத்தில் ஒரு வரி ரிவ்யூ போடுவார்: பட்டன்ல ஒயர் இல்ல.

அது அவர் தொழில் பேச்சு. அவர் பார்க்கிற கட்டடங்களில் பாதிக்குமேல், கதவை மூடும் பட்டனுக்கு உள்ளே ஒயரே கிடையாதாம். கதவு தன் நேரத்துக்குத்தான் மூடும். ஜனங்கள் அழுத்திவிட்டுத் தாங்கள் மூடியதாக நினைத்துக்கொள்வார்கள். "லிஃப்ட்டுல அது பரவால்ல. அவசரக்காரனுக்கு ஒரு சமாதானம். கதை சொல்றேன்னு கூப்பிட்டு உக்கார வச்சு அதைப் பண்றவன அந்த லிஃப்ட் குழியிலதான் தள்ளணும்."

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் கேமைக் கொடுத்தேன். நண்பன் ஒருவன் படம் வரைந்தான்; கதையும் பேச்சும் நான். அப்பாவைப் பறிகொடுக்கிற ஒரு மகனைப் பற்றிய கேம். மழை உண்டு. பியானோவும் உண்டு. நாலு வருஷம், ஆபீஸ் முடிந்த மாலைகளில் எழுதியது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அவர் அதைக் கடைசிவரை ஆடிவிட்டு, அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அதில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் மாமனார் ஆஸ்பத்திரியில் இறந்தபோது மச்சான் பக்கத்தில் இல்லை. அப்பா ஒரு வாய் டீ கேட்டார் என்று கீழே போனவர் இருபது நிமிஷம் திரும்பவில்லை. டீயை வாங்கிவிட்டார். திரும்பி வரும்போது லிஃப்ட் கதவு ஒரு விதமாகக் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அவரால் சும்மா ஏறி வர முடியவில்லை. டீயைத் தரையில் வைத்துவிட்டு, பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் கதவுத் தண்டவாளத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு மேலே வந்தார். அதற்குள் முடிந்துவிட்டது. இதை அவர் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை. ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது என்னிடம் சொன்னார்.

நான் அதை எடுத்து, லிஃப்டுக்குப் பதிலாக ஒரு கடிகாரத்தைப் போட்டு, கேமில் வைத்துவிட்டேன். கதாநாயகன் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். டீயோடு வருகிறான். வராந்தாவில் ஒரு கடிகாரம் நின்றுபோயிருக்கிறது. கேம் கேட்கிறது: கடிகாரத்தைச் சரிசெய்வதா, மேலே போவதா? எதைத் தேர்ந்தெடுத்தாலும், அவன் போகும்போது அப்பா இறந்திருப்பார்.

வெளியிடப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஆடினார். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு மணி நேரம் திட்டவே இல்லை. இரண்டு இடங்களில் சேவ் செய்து சோதித்தார். இரண்டிலும் ஒயர் இருந்தது. "ம்" என்றார். அந்த "ம்" எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு கடிகாரம் வந்தது. சேவ் செய்தார். சரிசெய்தார். அப்பா இறந்திருந்தார். திரும்ப வந்து மேலே போனார். அப்பா இறந்திருந்தார்.

எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

"கடிகாரமாம். நின்னுபோன கடிகாரம். உலகத்துல எவனுக்கும் தோணாத யோசனை. லிஃப்டை எடுத்துட்டுக் கடிகாரத்த மாட்டினா எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?"

என்னை "நீ, வா, போ" என்றுதான் பேசுவார். மரியாதை வந்தால் கோபம் என்று அர்த்தம்.

"உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னுதான் மச்சான் எழுதினேன். நீங்க மேல போயிருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும்னு..."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

மச்சான் விரலால் திரையைத் தட்டினார்.

"மேல போயிருந்தா ரெண்டு நிமிஷம் பாத்திருப்பேன். இல்ல, பாத்திருக்க மாட்டேன். ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் ஆறு வருஷம் இருக்கேன். நீங்க தெரிஞ்ச மாதிரி முடிச்சு வச்சிட்டீங்க. தெரியாததை எழுதி, அதுக்கு ஒரு பியானோவும் போட்டு!"

"இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"ஒயர் போடுங்க. மேல போனா அப்பா உயிரோட இருக்கணும்."

"அப்படிப் பண்ணினா கேமோட அர்த்தமே மாறிடும் மச்சான்."

"மாறட்டும். இப்ப இருக்கிற அர்த்தம் என்ன வாழுதாம்?"

நான் ஒயர் போடவில்லை. நாள் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தக் காட்சிதான் நான் எழுதியதிலேயே சிறந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேம் வெளியானது. ஜனங்கள் அழுதார்கள். அழுததை எழுதினார்கள். எத்தனை நிமிஷம் அழுதேன் என்று கணக்குக் காட்டினார்கள். ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு அழுதாராம், மீதியையும் அழுதுகொண்டே ஆடப்போகிறாராம். அத்தனைக்கும் நடுவில் மச்சானின் ரிவ்யூ இருந்தது: "பட்டன்ல ஒயர் இல்ல. படம் வரைஞ்சவன் நல்லா வரைஞ்சிருக்கான்."

அதற்குக் கீழே இருநூறு பேர் பாய்ந்தார்கள். கல்நெஞ்சக்காரன் என்றார்கள். ஒருவன், "உனக்கு அப்பான்னு ஒருத்தர் இருந்திருந்தாத்தானே தெரியும்" என்று எழுதினான். எழுதியவன் என் கேமை ஆடி அழுத மென்மனசுக்காரன். நான் அதைப் படித்தேன். அந்தப் பக்கத்தில் எந்த வரியையும் நீக்க எனக்கு உரிமை இருந்தது. பதில் எழுதவும் முடியும். ஒன்றும் செய்யவில்லை. அவர் அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார் என்று என் மனைவி சொன்னாள்.

அதன்பிறகு ஐந்து மாதம், மாடிப்படியில் எதிரில் வந்தால் "சாப்டீங்களா?" என்பார். ஐந்து மாதமும் "ங்க" போகவில்லை.

ஒரு காலையில் வேலைக்கு இறங்கி வரவில்லை என்று என் மனைவி மேலே போய்ப் பார்த்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் சொன்னாள்: "நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல நீங்க. கீழ போய் ஒரு டீயாவது குடிச்சிட்டு வாங்க. நான் இருக்கேன்ல."

லிஃப்ட்வரை போனேன். அழுத்தினேன். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கொஞ்ச நேரம் திறந்திருந்து, தன் நேரத்துக்கு மூடிக்கொண்டது. நான் திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் போய்விட்டார். கண் திறக்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. வலது கட்டைவிரல் நகத்துக்குள் கிரீஸ் இருந்தது. கடைசி மூச்சு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். தன் அப்பாவுக்கு அது எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. மேலே போயிருந்தாலும் ஒன்றுதான், போகாவிட்டாலும் ஒன்றுதான் என்று இந்த ஆளுக்கு நான் பாடம் எடுத்திருந்தேன்.

போன வாரம் ஒயர் போட்டு முடித்தேன். கடிகாரத்தை எடுத்துவிட்டு லிஃப்டை வைத்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் சேவ் செய்ய முடியாது, அங்கே வந்ததும் பழைய சேவ்களும் அழிந்துவிடும். லிஃப்டைச் சரிசெய்தால் லிஃப்ட் நன்றாக ஓடும், அப்பா இறந்திருப்பார். மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேம் சொல்லாது. தெரிந்துகொள்ள இரண்டு மணி நேரம் முதலிலிருந்து ஆட வேண்டும். மச்சான் ஆடியிருப்பார், என்னையும் என் வம்சத்தையும் திட்டிக்கொண்டே.

நேராக மேலே போனால் அப்பா உயிரோடிருக்கிறார், நாலு நிமிஷம். அதை எழுதத்தான் திண்டாடினேன். மன்னிப்பு, பாசம், ஆசீர்வாதம் எல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் பியானோ கேட்டது. எல்லாவற்றையும் அழித்தேன். பியானோவையும் எடுத்துவிட்டேன். இப்போது அப்பா கண்ணைத் திறந்து, "சக்கரை போட்டியா?" என்கிறார். "உங்களுக்குக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா" என்கிறான் மகன். "இனிமே என்னடா" என்கிறார். மகன் சர்க்கரை எடுக்கப் போவதில்லை. அங்கேயே நிற்கிறான். அவ்வளவுதான்.

அழுகைக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். முன்பு அழுகை வந்ததாம், இப்போது வரவில்லையாம். லிஃப்டைச் சரிசெய்ததற்குத் தண்டனையா என்று ஒருவன் கேட்கிறான். நடந்தது என்னவென்று சொல்லாத கேம் ஒரு கேமா என்கிறான் இன்னொருவன். அவர்களுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அப்பாவைப் பற்றி எழுதியவனின் வரியை மட்டும் நீக்கினேன். ஆறு மாதம் கழித்து.

மச்சானின் ரிவ்யூ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை மாற்றி எழுத இனி ஆளில்லை. அதற்கு நேர் கீழே இன்று ஒரு வரி போட்டேன்: "ஒயர் போட்டாச்சு மச்சான்."